முதலில் பேசாத பெட்டிகள்

மன்னார்க் கோட்டைக்குப் போகிற வழியில் உள்ள கரையோரப் படகு இசைவுத் திணைக்களத்தில் கீழே பதிவுப் பிரிவு, மேல்மாடியில் அங்கீகாரப் பிரிவு. படகுக்காரரின் விண்ணப்பம் கீழே கணினிக்குள் ஏறி, மேலே போய்ச் சம்மதம் வாங்கி, திரும்பவும் கீழே வந்து அனுமதிப்பத்திரமாக அச்சாகும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு மாடிப்படிதான். ஆனால் மேலே இருந்த பணிப்பாளர் சிவராசாவும் கீழே இருந்த பணிப்பாளர் துசாந்தினியும் ஒரே தரத்து உத்தியோகத்தர்கள், ஒரே நாளில் பதவி உயர்வு பெற்றவர்கள். இன்னார்தான் மூத்தவர் என்று சொல்ல வழியே இல்லை. திணைக்களத்தின் துன்பமெல்லாம் அங்கேதான் தொடங்கியது.

அரச கந்தோர்களில் தொலைபேசி எடுப்பதற்கு ஒரு முறை உண்டு. பெரியவர் தானாக எடுக்க மாட்டார். அவருடைய உதவியாளர் எடுத்து, மற்றப் பக்கத்து ஆளை லைனில் நிறுத்தி வைத்த பிறகுதான் அவர் ரிசீவரைக் காதில் வைப்பார். லைனில் முதலில் வந்து காத்திருப்பவர் யாரோ அவரே சின்னவர். ஆகவே மேல்மாடி உதவியாளர் "மேடத்தைக் குடுங்கோ, சேர் கதைக்கப் போறார்" என்பார். கீழ்மாடி உதவியாளர் "சேர் முதல்ல வரட்டும், மேடம் பக்கத்திலதான் இருக்கிறா" என்பார். இரண்டு பேரும் ரிசீவரைப் பிடித்தபடி மத்தியானச் சாப்பாடு வரைக்கும் இருந்த நாள்கள் உண்டு. கடைசியில், இரு பணிப்பாளர்களுக்கும் நடுவே செய்தி கொண்டு ஏறி இறங்கும் பொறுப்பு கந்தோர் உதவியாளர் சாஹுல் ஹமீட்டின் முழங்காலில் வந்து விழுந்தது.

இந்தக் கந்தோருக்குத்தான் நிறஞ்சலா ஒரு திங்கட்கிழமை காலையில் தோளில் பையோடு வந்து இறங்கினாள். மன்னார் நகரத்துக் கணினிக் கம்பனி ஒன்றில் அவள் தொழில்நுட்பவியலாளர். கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். சுவிட்ச் என்றால் கந்தோரில் உள்ள கணினி வயர்கள் எல்லாம் வந்து குத்தப்படுகிற, வரிசையாகத் துளைகள் உள்ள தட்டைப் பெட்டி. இரண்டையும் இணைத்த பழைய வயர் செத்துப்போய்விட்டது. அவள் செய்ய வேண்டியது, துளைகளை, அதாவது போர்ட்டுகளை, வேலைக்கேற்றபடி குழுக்களாகப் பிரிப்பது. பிறகு இரண்டு புது வயர் இழுத்து, இரண்டையும் சேர்த்து ஒரே அகலப் பாதைபோல ஓட வைப்பது. ஒரு வயர் போனாலும் மற்றது காப்பாற்றும். அரைநாள் வேலை என்று நினைத்துத்தான் வந்தாள். பாவம், சின்னப் பிள்ளை.

அவளுக்கு இதில் சொந்த அவசரமும் இருந்தது. தோட்டவெளிக் கிராமத்தில் இருக்கிற அவளுடைய அப்பா சிங்கராசாவின் படகு அனுமதி காலாவதியாகி, புதுப்பிக்கக் கொடுத்த விண்ணப்பம் இந்தக் கீழ்மாடிக்குள்ளேதான் அகப்பட்டுக் கிடந்தது. அனுமதி இல்லாமல் கடலில் பிடிபட்டால் படகைப் பறிமுதல் செய்துவிடுவார்கள். சிங்கராசா சட்டத்துக்குப் பயந்த மனிதர். கடல் அமைதியாகப் படுத்துக் கிடந்தது, நண்டு கரைக்குக் கிட்ட வந்து நின்றது, அவர் மட்டும் படகை மணலில் ஏற்றி வைத்துவிட்டு அதைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். வாடைக் காற்று தொடங்கிக் கடல் குழம்பிவிட்டால் பிறகு அனுமதி வந்தும் பிரயோசனம் இல்லை.

"மகள், நீ போனால் உடன சரி வரும்தானே?" என்று காலையில் கேட்டிருந்தார்.

"பின்னேரத்துக்குள்ள அச்சடிச்சுக் கொண்டு வாறன், அப்பா" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

முதலில் போர்ட்டுகளைப் பிரிக்கிற வேலை. பதிவுக்கு ஒரு குழு, அங்கீகாரத்துக்கு ஒரு குழு, அச்சு இயந்திரத்துக்கு ஒன்று என்று கடதாசியில் கீறி அவள் சிவராசாவிடம் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

"பிள்ளை, முதலாம் இலக்கப் போர்ட் ஆருக்கு?"

"ஆருக்குக் குடுத்தாலும் ஒண்டுதான் சேர். எல்லாம் ஒரே வேகம்."

"எல்லாம் ஒண்டெண்டால் பிறகு என்னத்துக்கு இலக்கம் போட்டிருக்கு?"

நிறஞ்சலா நான்கு வருடம் படித்ததில் இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை. ஆகவே முதலாம் போர்ட் சிவராசாவுக்குப் போனது. பணிப்பாளருக்குப் பக்கத்தில் வேறு யாரும் உட்காரக் கூடாது என்பதால் இரண்டாம் போர்ட் வெறுமையாக விடப்பட்டது. அடுத்து வந்த போர்ட்டுகள் சேவை மூப்பின்படி பகிரப்பட்டன. படிப்பு விடுமுறையில் வெளிநாடு போயிருந்த ஒருவருக்கும், திரும்பி வரும்போது மனம் நோகக் கூடாதென்று ஒரு போர்ட் ஒதுக்கப்பட்டது. சாரதிக்கும் ஒன்று கிடைத்தது. அவரிடம் கணினி இல்லை. ஆனால் நிரந்தர நியமனம் இருந்தது.

கீழ்மாடியில் இன்னொரு சிக்கல். அனுமதிப்பத்திரம் அச்சடிக்கிற இயந்திரத்துக்குப் போர்ட் இல்லை.

"மேடம், பிரிண்டருக்கு ஒண்டு வேணும்" என்றாள் நிறஞ்சலா.

துசாந்தினி பொறுமையாக விளக்கினார். "குடுக்கலாம் பிள்ளை, எனக்குக் குடுக்க விருப்பம் இல்லாமல் இல்லை. ஆனால் அது எந்தத் தரம்? எழுதுவினைஞர் போர்ட்டில போட்டால் எழுதுவினைஞர்மார் சண்டைக்கு வருவினம். நேற்று வந்த மெசினுக்கு இடம், இருபது வருசம் வேலை செய்த எங்களுக்குப் பின்வரிசையோ எண்டு கேப்பினம்."

கடைசியில் அச்சு இயந்திரம் 'தற்காலிக ஊழியர் குழு' என்ற பெயரில், கடைசி மூலைப் போர்ட்டில், வேலைத் திருப்தியின் அடிப்படையில் நீடிக்கப்படும் என்ற நிபந்தனையோடு சேர்த்துக்கொள்ளப்பட்டது. அதற்குள் அந்தக் கிழமை முடிந்துவிட்டது. சிங்கராசா தொலைபேசி எடுத்து, "பின்னேரம் எண்டனீ, எந்தப் பின்னேரம் எண்டு சொல்லேல்லையே மகள்" என்றார். கோபமாகத்தான் சொன்னார், ஆனால் கோபத்துக்குள்ளே ஒரு சிரிப்பும் இருந்தது. அந்தச் சிரிப்புத்தான் அவளை அதிகம் சுட்டது.

மறு திங்கட்கிழமை வயர் இழுத்து முடிந்தது. அவசரத்துக்கு இப்போதைக்கு ஒரு வயரை மட்டும் குத்தி வேலையைத் தொடங்கலாமா என்று அவள் கேட்டுப் பார்த்தாள். சாஹுல் ஹமீட் அந்தக் கேள்வியோடு மேலே ஏறி, பதிலோடு கீழே இறங்கினார்.

"ஏலாதாம் பிள்ளை. ஒரு வயரில வேலை நடந்துதெண்டால், ரெண்டாவது வயரை ஏன் வாங்கினியள் எண்டு கணக்காய்வு கேக்குமாம். ரெண்டும் சேர்ந்து ஓடோணும், இல்லாட்டில் ஒண்டும் ஓடக் கூடாதாம்."

"கீழ மேடம் என்ன சொல்லுறா?"

"மேடமும் அதையேதான் சொல்லுறா. ஆனால் சேர் சொன்னதால இல்லையாம், தானாத்தான் சொல்லுறாவாம்."

சரி, இரண்டையும் சேர்த்தே விடுவோம் என்று அவள் மேல்மாடிக்குப் போனாள். சுவிட்சின் கடவுச்சொல் பணிப்பாளரின் பொறுப்பில். அவர் பின்னால் யாரும் நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு அடித்தார். இனி இரண்டு வரிக் கட்டளை மட்டுந்தான். அந்த இடத்தில்தான் நிறஞ்சலா தன் வாழ்க்கையின் பெரிய பிழையை விட்டாள். பேசாமல் அடித்துவிட்டு வந்திருக்கலாம். அவள் விளக்கம் சொன்னாள்.

"சேர், ரெண்டு வயரையும் சேர்க்கிறதெண்டால் ரெண்டு சுவிட்சும் ஒண்டையொண்டு கேட்டுச் சம்மதிக்கோணும். இதில ரெண்டு முறை இருக்கு. அக்டிவ் எண்டு போட்டால் அந்தப் பெட்டி தானாப் போய் மற்றதைக் கூப்பிடும். பசிவ் எண்டு போட்டால் பேசாமல் இருக்கும், மற்றது கூப்பிட்டால் மட்டும் பதில் சொல்லும்."

சிவராசா கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப அக்டிவ் எண்டுறது முதல்ல கதைக்கிற ஆள்?"

"ஓம் சேர்."

"எங்கட பெட்டியைப் பசிவ் எண்டு போடுங்கோ. கூப்பிட்டால் நாங்கள் பதில் சொல்லுவம். அதில எங்களுக்கு ஒரு பெருமையும் இல்லை."

அவள் கீழே ஓடினாள். துசாந்தினிக்கும் விளக்கம் சொல்ல வேண்டிவந்தது, ஏனென்றால் மேலே சேருக்கு என்ன சொன்னாய் என்றுதான் அவர் முதலில் கேட்டார்.

"பசிவ்" என்றார் துசாந்தினி. "எங்களுக்குப் பணிவு முக்கியம். ஒருத்தரையும் போய்த் தொந்தரவு குடுக்கிற பழக்கம் இந்தப் பிரிவுக்கு இல்லை."

ஆக, இரண்டு பெட்டியும் பணிவோடு ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டன. புத்தம்புது வயர்கள் இரண்டும் நடுவில் தொங்கின. பெட்டிகளில் ஒரு விளக்குகூடப் பச்சையாகவில்லை. யாராவது ஒரு பக்கம் அக்டிவாக வேண்டும் என்று நிறஞ்சலா மன்றாடிப் பார்த்தாள். அதற்காக 'முதற்பேச்சு நிர்ணயக் குழு' என்று ஒரு குழு அமைக்கத் தீர்மானமானது. ஆனால் குழுவின் முதல் கூட்டத்துக்கு அழைப்பு அனுப்புவது எந்த மாடி என்பதில் இழுபறி வந்து, குழு கூடாமலே நின்றுபோனது.

நாளாக நாளாகச் சிங்கராசா தொலைபேசி எடுப்பதையும் விட்டுவிட்டார். அது அவளுக்குப் பயமாக இருந்தது. இரவுச் சாப்பாட்டில் அவர் அவளைப் பார்க்காமல், "அந்தோனியின்ர படகுக்கு ஆள் தேவையாம், நாளைக்கு நான் கூலிக்குப் போகட்டோ எண்டு யோசிக்கிறன்" என்றார். சொந்தப் படகை மணலில் வைத்துவிட்டு இன்னொருவன் படகில் வலை இழுக்கப் போவதென்பது அவருக்கு என்ன மாதிரி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

அடுத்த நாள் காலை, படிக்கட்டில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்த சாஹுல் ஹமீட்டின் பக்கத்தில் அவள் வந்து உட்கார்ந்தாள்.

"சாஹுல் நானா, இவை ரெண்டு பேருக்கும் என்னதான் வேணும்?"

"ஆளை ஆள் அதட்டோணும். அதுக்கு மேல ஒண்டும் வேணாம்" என்றார் அவர், இன்னும் தேய்த்தபடியே.

நிறஞ்சலா எழுந்து, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, மேலே ஏறினாள்.

"சேர், நான் முந்திச் சொன்னது வடிவான விளக்கம் இல்லை. மன்னிக்கோணும். அக்டிவ் எண்டால் கட்டளை போடுற பக்கம். பசிவ் எண்டால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டு நடக்கிற பக்கம்."

சிவராசாவின் முகம் கறுத்தது. "இதை ஏன் முதலே சொல்லேல்லை? இவ்வளவு நாளும் என்னை அந்தப் பக்கத்திலயே வச்சிருந்தனீங்கள்?" கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "மேடத்துக்கு இது தெரியுமோ?"

"இன்னும் இல்லை சேர்."

"அக்டிவ் எண்டு போடுங்கோ. உடன போடுங்கோ."

கீழேயும் அதே விளக்கம், அதே கறுத்த முகம், அதே உடனே. இரண்டு பக்கமும் அக்டிவாக இருப்பதில் பெட்டிகளுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. ஒன்றையொன்று ஒரே நேரத்தில் கூப்பிட்டு, ஒரே நேரத்தில் ஓம் சொல்லிச் சேர்ந்துவிடும். பெட்டிகளுக்குப் பதவி உயர்வு கிடையாது.

ஆனால் எண்டர் விசையை அமத்துவதற்கு முன், இப்பேர்ப்பட்ட இணைப்பை விழா இல்லாமல் தொடங்க முடியாது என்று இரண்டு மாடியும் ஒருமனதாக நினைத்தன. வெள்ளிக்கிழமை, கீழே பொதுமக்கள் காத்திருக்கும் மண்டபத்தில் வாழை கட்டி, குத்துவிளக்கு வைத்து, ரோல்ஸ், பற்றிஸ் என்று சிற்றுண்டியும் அடுக்கினார்கள். பொதுமக்கள் காத்திருக்கிற கதிரைகளில் உத்தியோகத்தர்கள் உட்கார்ந்தார்கள். பொதுமக்களை மரத்துக்குக் கீழே நிற்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்கள்.

சிவராசா ஒலிவாங்கியைப் பிடித்தார். "இந்தத் திணைக்களம் பொதுமக்களின் நேரத்தை வீணாக்குகிறது என்று சிலர் குறை கூறுகிறார்கள். இது அபாண்டம். பொதுமக்கள் எமது வாசலில் காத்திருந்த நேரத்தில் ஒரு நிமிடத்தைக்கூட நாம் வீணாக்கவில்லை. எமது கூட்டங்கள் யாவும் அந்த நேரத்திலேயே நடந்தேறின."

கைதட்டல் அடங்கியதும் துசாந்தினி எழுந்தார். "முன்னர் ஒரு வயர் பழுதானால் எமது வேலை நின்றுவிடும். இனி எமது வேலை நிற்க வேண்டுமானால் இரண்டு வயர்கள் பழுதாக வேண்டும். குறுகிய காலத்தில் இந்த அளவுக்கு நாம் முன்னேறியிருக்கிறோம்."

பிறகு அவரவர் மாடிக்குப் போய் எண்டர் விசையில் விரலை வைத்தார்கள். ஒருவர் முந்திவிடக் கூடாது என்பதற்காக, சாஹுல் ஹமீட் நடுப்படியில் நின்று ஒரு தட்டத்தைக் கரண்டியால் அடித்தார். விளக்குகள் பச்சையாகின. இரண்டு வயரும் ஒரே பாதையாகின. நிறஞ்சலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மூலையில் இருந்த தற்காலிக ஊழியர் உடனே உயிர் பெற்று, கடகடவென்று தாள் தள்ளத் தொடங்கினார்.

அவள் ஓடிப்போய் முதல் தாளை எடுத்தாள். அப்பாவின் பெயர், படகின் இலக்கம், எல்லாம் சரியாக இருந்தது. கீழே இப்படி இருந்தது: 'விண்ணப்பதாரர் நீண்ட காலம் செயற்படாமல் இருந்தமையால் இவ்விண்ணப்பம் தானாக இரத்தாகியுள்ளது.' அடுத்த தாளிலும் அதேதான், வேறு படகு. அதற்கு அடுத்ததிலும் அதேதான். மன்னார்க் கரையில் காத்திருந்த படகுகள் எல்லாம் ஒவ்வொன்றாக இரத்தாகி வந்து தட்டில் விழுந்தன.

படியால் இறங்கி வந்த சிவராசா ஒரு தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களே மேடம், என்ன வேகம்!"

"எழுத்தும் நல்ல தெளிவு" என்றார் துசாந்தினி. அவர்கள் இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொண்ட முதல் பேச்சு அது.

நிறஞ்சலா வாசலுக்கு வந்து அப்பாவுக்கு எடுத்தாள். விசயத்தைச் சொன்னாள். அவர் "நான் செயற்படேல்லையாமோ?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அரை மணித்தியாலத்தில் தோட்டவெளியில் இருந்து ஒரு ஓட்டோ வந்து நின்றது. சிங்கராசா சாரத்தை மடித்துக் கட்டியபடி இறங்கினார். மரத்துக்குக் கீழே நின்ற படகுக்காரரும் அவருக்குப் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். கட்டியிருந்த வாழையைத் தாண்டி, ரோல்ஸ் மேசையைத் தாண்டி, நேரே இரண்டு பணிப்பாளர்களுக்கும் முன்னால் போய் நின்றார்.

அப்பா யாரையாவது அடித்துவிடுவாரோ என்றுகூட நிறஞ்சலா பயந்தாள்.

"ஐயா, அம்மா" என்றார் சிங்கராசா. "எனக்கு உங்கட கொம்பியூட்டரும் வேணாம், வயரும் வேணாம். ஒரு துண்டுக் கடதாசியில, இவர் கடலுக்குப் போகலாம் எண்டு எழுதி, ஒரு முத்திரை குத்தித் தாங்கோ. அதுக்கும் ஏலாதெண்டால் ஏலாதெண்டாவது சொல்லுங்கோ. நான் என்ர படகை வித்துப்போட்டுப் போறன்."

சிவராசா வாயிலிருந்த பற்றிஸை மென்று விழுங்கினார்.

"எழுதலாமே" என்றார்.

"தாராளமா" என்றார் துசாந்தினி. "ஆராவது ஒரு வெள்ளைத் தாள் கொண்டு வாங்கோ."

தாள் வந்தது. துசாந்தினி எழுதினார். ஒருவர் இடப்பக்க மூலையிலும் மற்றவர் வலப்பக்க மூலையிலும் குனிந்து, தலை இடிபடாத குறையாக, ஒரே நேரத்தில் கையெழுத்துப் போட்டார்கள். சாஹுல் ஹமீட் முத்திரையை ஊதி ஊதிக் குத்தினார். எழுதிக் குத்தி முடிக்க ஒரு தேத்தண்ணி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக முன்னுக்கு வந்தார்கள், அவர்களுக்கும் எழுதப்பட்டது. சிங்கராசா தன் தாளை இரண்டு கையாலும் வாங்கி, எழுத்துக்கூட்டி ஒருமுறை வாசித்துவிட்டு, மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்தார். பிறகு மகளைப் பார்த்துச் சிரித்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு முழுதாகச் சிரித்தார். அவளுக்கு அந்த நேரம் வந்த சந்தோசத்தில் அழவேண்டும்போல இருந்தது. அந்தச் சந்தோசத்துக்கு அடியில், அதைவிடப் பெரிதாக ஒரு கோபமும் கிளம்பி வந்தது.

"சேர், மேடம்" என்றாள். "இப்பிடிக் கையால எழுதிக் குடுத்தால் செல்லுமோ?"

"செல்லாமல்? சட்டத்திலேயே இருக்குத்தானே" என்றார் சிவராசா.

"எப்ப தொடக்கம்?"

"எப்பவும் இருக்கு" என்றார் துசாந்தினி.

"அப்ப இவ்வளவு நாளும் ஏன் எழுதிக் குடுக்கேல்லை?"

பணிப்பாளர்கள் இருவரும் அவளை உண்மையான ஆச்சரியத்தோடு பார்த்தார்கள். பிறகு, யார் முதலில் என்ற யோசனையே இல்லாமல், ஒரே குரலில் சொன்னார்கள்:

"ஒருத்தரும் கேக்கேல்லையே, பிள்ளை."